வாசகர் கேள்வி-பதில்: உச்ச நீதிமன்றத்துக்கும் மேலே ஒரு மன்றம்

கனடாவின் உச்ச நீதிமன்றம் பற்றிப் போன இதழில் நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை அந்த நீதிமன்றம் எப்படி உருவானது என்பதைச் சுற்றியே இருப்பதால், இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளின் பாடப்புத்தகத்தில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1875-இல் நிறுவப்பட்டது என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அது நாட்டின் இறுதி நீதிமன்றம் ஆனது 1949-இல்தான் என்று இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டில் எது பிழை? (வாசகி, ஸ்கார்பரோ)

இரண்டும் சரிதான். உச்ச நீதிமன்றம் என்ற பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு நீதிமன்றம் எழுபத்து நான்கு ஆண்டுகள் தனக்கு மேலே இன்னொரு மன்றத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்தது. அந்த மேல்மன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு. அங்கே அமர்ந்தவர்கள் நீதிபதிக்குரிய அங்கி அணிவதில்லை. தீர்ப்பு என்று எதையும் வழங்குவதும் இல்லை. அரசிக்கு இன்னவாறு பணிவுடன் ஆலோசனை சொல்கிறோம் என்று அறிக்கை தருவார்கள். ஆனால் பேரரசின் எந்த மூலையில் இருந்தவருக்கும் அந்த ஆலோசனையே கடைசி வார்த்தை.

1875-ஆம் ஆண்டு ஒட்டாவாவில் நடந்த விவாதத்தின் மையமும் இதுவாகவே ஆகிப்போனது, ஆனால் தொடக்கத்தில் அப்படி இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில், அலெக்சாண்டர் மெக்கென்சியின் லிபரல் அரசில் நீதி அமைச்சராக இருந்த டெலெஸ்ஃபோர் ஃபூர்னியே மசோதாவைக் கொண்டுவந்தபோது, எதிர்க்கட்சி வரிசையில் இருந்த சர் ஜான் மெக்டொனால்ட் அதை வரவேற்றே பேசினார். அதற்குக் காரணம் உண்டு. பிரதமராக இருந்தபோது 1869-இலும் 1870-இலும் இதே நோக்கத்துக்காக அவரே இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்து, எதிர்ப்பைப் பார்த்துக் கைவிட்டிருந்தார். தான் முடிக்காமல் விட்ட வேலையை அடுத்தவர் முடிக்கிறார் என்ற அளவில் அவருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

மசோதா அவையில் கடைசியாக விவாதிக்கப்படும் மூன்றாம் வாசிப்பின்போதுதான் நிலைமை மாறியது. ஹாமில்டன் தொகுதி உறுப்பினர் எமிலியஸ் இர்விங் ஒரு புதிய பிரிவைச் சேர்க்கும்படி திருத்தம் கொண்டுவந்தார். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே இறுதியானது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறுவிய எந்த மேல்முறையீட்டு மன்றத்துக்கும் அதிலிருந்து மேல்முறையீடு இல்லை என்பது அதன் சாரம். அரசு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அது சட்டத்தின் 47-ஆம் பிரிவாயிற்று.

மெக்டொனால்ட் கொதித்தெழுந்தார். நீதிமன்றம் வேண்டும் என்று சொல்லி அவையின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு, கடைசி நேரத்தில் இங்கிலாந்துடனான பிணைப்பை வெட்டுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அந்தப் பேச்சில் அவர் ஆண்ட உவமை பின்னாளில் பலராலும் எடுத்தாளப்பட்டது. குடியேற்ற உறவை விரும்பாதவர்கள் அதைச் சங்கிலி என்கிறார்கள், ஆனால் அது பொன் சங்கிலி, அந்த விலங்கை அணிவதில் எனக்கு மகிழ்ச்சியே என்ற பொருளில் அவர் பேசினார். அந்த 1875-இல்தான் கனடா மக்களவை விவாதங்களை அதிகாரபூர்வமாகப் பதிவுசெய்து வெளியிடும் முறை தொடங்கியது. அந்நாளைய பதிவில் உறுப்பினர்களின் பேச்சு தன்மையில் இராது, ‘அவர் அதை அணிவதில் மகிழ்ச்சி கொள்கிறார்’ என்று படர்க்கையில்தான் இருக்கும். பொன் சங்கிலியும் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு சூடான பேச்சைக் கணக்குப்பிள்ளையின் நடையில் வாசிக்கும்போது சிரிப்பு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

மறுதரப்பின் வாதத்தில் உணர்ச்சி குறைவு, நடைமுறை அதிகம். லண்டனுக்கு வழக்கை எடுத்துச் செல்வது அட்லாண்டிக் கடலைக் கடக்கும் செலவு, அங்கே வழக்கறிஞர் அமர்த்தும் செலவு, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது. பணபலம் உள்ள தரப்பு மேல்முறையீடு செய்வேன் என்று மிரட்டியே ஏழைத் தரப்பை வழிக்குக் கொண்டுவந்துவிட முடியும். வழக்கின் நியாயத்தை விடப் பணப்பையின் கனமே முடிவைத் தீர்மானிக்கும் இடத்தில் ‘பேரரசின் குடிமகனுக்குரிய உரிமை’ என்ற பேச்சு யாருக்கு உதவும் என்ற கேள்விக்கு மெக்டொனால்டின் உவமையில் விடை இல்லை.

எல்லா அமளிக்கும் பிறகு 1875 ஏப்ரல் 8 அன்று மசோதா தலைமை ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றுச் சட்டமானது. பாடப்புத்தகத்தின் முதல் பக்கம் சொல்வது அதைத்தான்.

கேள்வி: 47-ஆம் பிரிவு அவ்வளவு தெளிவாக இருந்தும் மேல்முறையீடுகள் ஏன் நிற்கவில்லை? லண்டன் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டதா? (வாசகர், மிசிசாகா)

ரத்து செய்யவில்லை. ரத்து செய்யலாமா என்று யோசித்தார்கள், பிறகு அதற்கு அவசியமே இல்லை என்று கண்டுகொண்டார்கள்.

அந்தப் பிரிவின் வாலில் ஒரு விதிவிலக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அரசி தம் தனியுரிமையின்படி, அதாவது முடிக்கே உரிய அதிகாரத்தின்படி, அன்புகூர்ந்து பயன்படுத்தக்கூடிய எந்த உரிமையும் இதனால் பாதிக்கப்படாது என்ற வாசகம் அது. பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழிகள் இரண்டு. சட்டம் தரும் உரிமையின்படி போவது ஒன்று. அரசியின் தனியுரிமையை நாடி, சிறப்பு அனுமதி கேட்டுப் போவது மற்றொன்று. புதிய உச்ச நீதிமன்றத்திலிருந்து முதல் வழி தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஆகவே 47-ஆம் பிரிவு இல்லாத கதவைப் பூட்டிவிட்டு, இருந்த கதவைத் திறந்தே வைத்தது. அவையில் அத்தனை சத்தம் போட்ட இரு தரப்பாரில் எத்தனை பேர் அந்த வாலைக் கவனமாகப் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சட்டம் இயற்றுவதில் பெரிய சண்டைகள் எல்லாம் தலைப்பு வாசகத்தைப் பற்றியே நடக்க, காரியம் முழுவதும் ‘எனினும்’ என்று தொடங்கும் கடைசி வரியில் முடிந்துபோவதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

ஃபூர்னியேவுக்குப் பிறகு அதே ஆண்டு மே மாதத்தில் நீதி அமைச்சரான எட்வர்ட் பிளேக் இதை விடுவதாக இல்லை. குடியேற்ற நாடுகளுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் கார்னார்வன் பிரபுவுடன் நீண்ட கடிதப் போராட்டம் நடத்தினார். 1876-இல் தாமே லண்டனுக்குச் சென்று வாதிட்டார். லண்டன் தரப்பில் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர் அன்றைய பிரதான நீதித்துறை அமைச்சரான கெய்ர்ன்ஸ் பிரபு. அவருடைய முடிவு எளிமையானது: இந்தப் பிரிவு தனியுரிமையைத் தொடவே இல்லை, எனவே சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். பிளேக் சட்டத்தைக் காப்பாற்றினார், அதன் நோக்கத்தை இழந்தார். அடுத்த ஆண்டே, 1877-இல், மாண்ட்ரியலில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் அறங்காவலர்கள் தொடர்பான ஜான்ஸ்டன் வழக்கில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராகச் சிறப்பு அனுமதி வழங்கும் அதிகாரம் தன்னிடம் அப்படியே இருக்கிறது என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

இதைவிடப் புதிய நீதிமன்றத்தின் மதிப்பைக் குறைத்த இன்னொன்று உண்டு. மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றவர் ஒட்டாவாவை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே லண்டனுக்குப் போகலாம். அரசமைப்பைப் பற்றிய மிகப் பெரிய வழக்குகள் சில அந்த வழியாகவே சென்றன. மதுவிலக்குச் சட்டம் பற்றிய 1882-ஆம் ஆண்டின் ரஸ்ஸல் வழக்கு நியூ பிரன்சுவிக்கிலிருந்து நேராகப் போனது. மாகாணங்களின் அதிகாரம் எவ்வளவு என்பதைச் சொன்ன 1883-ஆம் ஆண்டின் ஹாட்ஜ் வழக்கு ஒன்டாரியோவிலிருந்து நேராகப் போனது. நாட்டின் அடிப்படைக் கேள்விகள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்க, உச்ச நீதிமன்றம் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தக் கதவு மெல்ல மெல்லத்தான் மூடியது. குற்றவியல் வழக்குகளுக்கு மேல்முறையீடு இல்லை என்று 1888-இல் கனடா சட்டம் இயற்றியது. அதை 1926-இல் நாடான் வழக்கில் பிரிவி கவுன்சில் செல்லாது என்றது. 1931-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்து கனடாவின் கையை விடுவித்த பிறகு, 1933-இல் மறுபடியும் அதையே இயற்றியபோது அது நிலைத்தது. உரிமையியல் வழக்குகளையும் சேர்த்து முற்றாக நிறுத்தும் அதிகாரம் கனடா நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று 1947-இல் பிரிவி கவுன்சிலே கூறியது. 1949-இல் பிரதமர் லூயி செயின்ட் லோரானின் அரசு அதைச் செய்து முடித்தது. அதற்கு முன்பே தொடங்கிய வழக்குகளுக்கு விலக்கு இருந்தபடியால் கடைசி கனடிய மேல்முறையீடு லண்டனில் முடிந்தபோது ஆண்டு 1959.

கேள்வி: 1867-இல் கனடா கூட்டாட்சி அமைந்தபோதே இந்த நீதிமன்றத்தை ஏன் ஏற்படுத்தவில்லை? (வாசகர், வின்னிபெக்)

அரசமைப்புச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, கனடாவுக்கென ஒரு பொது மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடாளுமன்றம் நிறுவிக்கொள்ளலாம் என்று அனுமதி மட்டும் கொடுத்தது. நிறுவியே தீரவேண்டும் என்று கட்டளையிடவில்லை. அவசரம் என்று எவரும் கருதவில்லை, ஏனென்றால் மாகாண நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருந்தன, மேலே லண்டன் இருந்தது. அதோடு, ஒட்டாவா அரசு நியமிக்கும் நீதிபதிகள் மாகாணச் சட்டங்களை எடைபோடுவதை மாகாணங்கள் விரும்பவில்லை. மத்திய அரசு இயற்றும் சட்டங்களை மட்டும் அந்த நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்ற வாதம் 1875-இலும் எழுந்தது. அது ஏற்கப்படவில்லை.

கேள்வி: ஒன்பது நீதிபதிகளில் மூவர் கியூபெக்கிலிருந்து வரவேண்டும் என்ற விதி நியாயமா? மக்கள்தொகைப்படி பார்த்தால் அது அதிகம் இல்லையா? (வாசகர், கால்கரி)

இந்த விதியை மக்கள்தொகைக் கணக்காகப் பார்த்தால் கணக்கு உதைக்கும். 1875-இல் நீதிபதிகள் ஆறு பேர், அதில் குறைந்தது இருவர் கியூபெக்கின் நீதிபதிகளாகவோ வழக்கறிஞர்களாகவோ இருந்தவர்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. 1927-இல் மொத்தம் ஏழு ஆனது. 1949-இல் ஒன்பதானபோது கியூபெக்கின் பங்கு மூன்றாயிற்று. அன்றும் இன்றும் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது.

காரணத்தை அறிய 1875-ஆம் ஆண்டின் கியூபெக் உறுப்பினர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று பார்க்கவேண்டும். சொத்து, ஒப்பந்தம், குடும்பம், வாரிசுரிமை போன்ற விஷயங்களில் மற்ற மாகாணங்கள் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பின்பற்ற, கியூபெக் பிரெஞ்சு மரபில் வந்த உரிமையியல் தொகுப்பைப் பின்பற்றுகிறது. அந்தத் தொகுப்பு 1866-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது, மை காய்ந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. ஒரு மாண்ட்ரியல் குடும்பத்தின் சொத்துத் தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளிக்கிறார்கள். அது ஒட்டாவாவுக்குப் போகிறது. அங்கே உள்ள ஆறு பேரில் நால்வர் அந்தத் தொகுப்பைத் தம் வாழ்நாளில் புரட்டியிராதவர்கள். தெரிந்த இருவர் ஒரு பக்கம், தெரியாத நால்வர் மறுபக்கம் என்று பிரிந்தால் வெல்வது தெரியாதவர்கள்தாம். இரண்டு இடங்கள் இந்த அச்சத்தைப் போக்கவில்லை. ஆனால் தொகுப்பின் சொற்களை மற்ற நால்வருக்கு எடுத்துச்சொல்ல அறைக்குள் யாராவது இருப்பார்கள் என்ற உறுதியையாவது அவை தந்தன. லண்டனில் அதுவும் இல்லை என்பதை, பிரிவி கவுன்சிலைக் கியூபெக்கின் காவலனாகக் கண்டவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் போனது எனக்கு வியப்பே.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2013-இல், கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்த மார்க் நாடோன் என்பவரைக் கியூபெக்குக்குரிய இடத்தில் அரசு நியமித்தபோது, அந்த நியமனம் செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர் ஒரு காலத்தில் கியூபெக் வழக்கறிஞராக இருந்தவர்தான். ஆனால் நியமன நேரத்தில் அந்த மாகாணத்தின் நீதிபதியாகவோ வழக்கறிஞராகவோ இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் சட்டத்துக்குப் பொருள் கூறியது. அதற்கு ஆதாரமாக 1875-இல் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டையே அது திரும்பிப் பார்த்தது.

கேள்வி: லண்டனுக்குப் போகும் வழி இருந்தது கெடுதல் என்றே எழுதுகிறீர்கள். பெண்களுக்கு நீதி கிடைத்தது அங்கேதானே? (வாசகி, பிராம்ப்டன்)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பெண்கள் செனட் உறுப்பினர் ஆகத் தகுதியுள்ள ‘நபர்கள்’ அல்லர் என்று 1928-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆல்பர்ட்டாவின் ஐந்து பெண்கள் அதை எதிர்த்துப் போனபோது, 1929 அக்டோபர் 18 அன்று சாங்கி பிரபு தலைமையிலான பிரிவி கவுன்சில் அதை மாற்றி, பெண்களும் நபர்களே என்றது. அரசமைப்பு என்பது தன் இயல்பான எல்லைகளுக்குள் வளர்ந்து விரியக்கூடிய மரம் என்று அவர் சொன்ன கருத்தைக் கனடிய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாள்கின்றன.

இதை மறுக்க நான் முயலப் போவதில்லை. ஆனால் அதே பிரிவி கவுன்சில்தான் 1937-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் துன்பத்தைத் தணிக்க ஆர். பி. பென்னட் அரசு கொண்டுவந்த வேலையில்லாக் காப்பீடு, குறைந்தபட்சக் கூலி முதலிய சட்டங்களைச் செல்லாது என்று தள்ளியது. நல்ல தீர்ப்பு ஒன்றும் வருத்தமான தீர்ப்பு ஒன்றும் இரு தட்டிலும் வைத்துப் பார்த்தால் முள் எங்கேயும் நிற்காது. மேல்மன்றத்தின் அறிவைப் பற்றி எனக்குக் குறையில்லை. தவறான தீர்ப்பு வந்தால் அதைத் திருத்தும்படி கனடியர்கள் யாரிடம் போய்க் கேட்க முடிந்தது என்பதே என் கேள்வி.

கேள்வி: சென்ற கோடையில் ஒட்டாவாவில் உச்ச நீதிமன்றத்தைச் சுற்றிப் பார்த்தோம். தொடக்கத்திலிருந்தே அந்தக் கட்டடமா? (வாசகர், ஒட்டாவா அருகிலிருந்து)

இல்லை. முதலில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு குழு அறையை இரவல் வாங்கி அமர்ந்தார்கள். 1876 ஜனவரியில் முதல் அமர்வு கூடியபோது விசாரிக்க ஒரு வழக்குக்கூட இல்லை. நீதிபதிகள் வந்து உட்கார்ந்துவிட்டுக் கலைந்தார்கள். பிறகு 1882-இலிருந்து நாடாளுமன்றக் குன்றின் அடியில், பட்டறைகளாகக் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தார்கள். நீங்கள் பார்த்தது எர்னஸ்ட் கார்மியே வடிவமைத்தது. 1939-இல் அடிக்கல் நாட்டப்பட்டும், போர் குறுக்கிட்டதால் நீதிமன்றம் அங்கே குடியேற 1946 ஆயிற்று.

வாசலுக்கு இரு பக்கமும் நிற்கும் உண்மை, நீதி என்னும் இரண்டு சிலைகளைக் கவனித்தீர்களா? ஏழாம் எட்வர்டுக்கான நினைவுச்சின்னத்துக்காக வால்டர் ஆல்வார்ட் செய்தவை அவை. நினைவுச்சின்னம் எழவே இல்லை. பெட்டிகளில் கிடந்த சிலைகள் 1969-இல் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியிலிருந்து மீட்கப்பட்டு இங்கே வந்தன. அதே வளாகத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் சிலை லூயி செயின்ட் லோரானுடையது. 1949-ஐப் பற்றி மேலே படித்துவிட்டு இன்னொரு முறை போனால் அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது விளங்கும்.

கேள்வி: இந்த நீதிமன்றத்தை உருவாக்கியவர்கள் பின்னர் என்ன ஆனார்கள்? (வாசகர், லண்டன், ஒன்டாரியோ)

ஃபூர்னியே தாம் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அதே 1875-இல் கியூபெக்கின் இரண்டு நீதிபதிகளில் ஒருவராக நியமிக்கப்பட்டார். முதல் தலைமை நீதிபதி ஒன்டாரியோவின் வில்லியம் புயெல் ரிச்சர்ட்ஸ். ஒட்டாவாவிலோ அதிலிருந்து ஐந்து மைலுக்குள்ளோதான் குடியிருக்கவேண்டும் என்று சட்டம் நீதிபதிகளைக் கட்டிப்போட்டது. மரவியாபார ஊராக இருந்த அன்றைய ஒட்டாவாவை நினைத்தால், பெரிய நகரங்களில் வசதியாக வாழ்ந்த வழக்கறிஞர்களுக்கு அது சிறு தண்டனையாகவே தெரிந்திருக்கும்.

மெக்டொனால்ட் 1878-இல் மீண்டும் பிரதமரானார். நீதிமன்றத்தை ஒழித்துவிடவேண்டும் என்று 1879 முதல் தனி உறுப்பினர் மசோதாக்கள் வந்தபோது அவருடைய அரசு அவற்றுக்கு வழிவிடவில்லை. பொன் சங்கிலியும் வேண்டும், நீதிமன்றமும் வேண்டும் என்பதே அவருடைய நிலை. அந்த அளவில் அவர் தடுமாறவில்லை.

சுவையான முடிவு பிளேக்கினுடையது. கனடிய வழக்குகள் லண்டனுக்குப் போகக்கூடாது என்று 1876-இல் லண்டனுக்கே போய் வாதிட்டவர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888-இல், பழங்குடி மக்களின் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற செயின்ட் கேதரின்ஸ் மில்லிங் வழக்கில் ஒன்டாரியோவின் வழக்கறிஞராக அதே பிரிவி கவுன்சிலின் முன் நின்றார். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு எதிராகத்தான் அந்த மேல்முறையீடு. வழக்கையும் அவர் தரப்பே வென்றது. பிறகு 1892-இல் அயர்லாந்தின் தென் லாங்ஃபோர்ட் தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1907 வரை அங்கேயே இருந்தார்.